முள் வெட்டிய சேவல்

கொட்டாரம் என்ற ஊரில் கோழி வாங்கிய அன்று அங்கே இருந்தவர்கள் — என் அம்மா, தங்கை அனிதா, கோழிகளை விற்ற வசந்தா அக்கா, ஐந்து பெட்டைகள், ஒரு சேவல். இல்லாதவர்கள் — நான், திருவனந்தபுரத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போயிருந்த அப்பா, குவைத்தில் லாரி ஓட்டும் முருகேசன் அண்ணன். இவர் வசந்தா அக்காவின் கணவர்.

ஒரு கோழி வியாபாரத்துக்கு வருகைப் பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். சில வியாபாரங்களில் யார் இருந்தார்கள் என்பதைவிட யார் இல்லை என்பதுதான் முக்கியம். எனக்கு இது புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

நான் நாகர்கோவிலில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் தோவாளையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், அடுக்களையில் அம்மா ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிரைண்டரைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். மீதிக் கோழிகள் சாக்கு மூடிய கூடையில் முறை வருவதற்காகக் காத்திருக்கின்றன.

“என்னம்மா இது?”

“புதுக் கோழிய ஒரலச் சுத்திக் கொண்டுபோய்தான் கூட்டுல விடணும் மக்கா. அப்பம்தான் வீட்ட விட்டுப் போவாது.”

“இது கிரைண்டர்லா?”

“ஒரலு இருந்தா நான் என்னத்துக்கு இதச் சுத்துகேன்? இதுக்குள்ளயும் கல்லுதானலே கெடக்கு!”

இந்தத் தர்க்கத்துக்குப் பாலிடெக்னிக்கில் பதில் கிடையாது. ஆறும் சுற்றி முடிந்து கூட்டுக்குப் போயின. ஒன்றுகூட ஓடிப் போகவில்லை. கூட்டைப் பூட்டி வைத்திருந்தோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் அம்மாவைத் தெரியும். அண்டி ஆபீசில் — வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிப்பருப்பு ஆலையில் — கொட்டை உடைத்து உடைத்துக் கைத்தோல் உரிந்து என்னைப் படிக்க வைத்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடுத்த ஆள் அனிதா. அந்த ஆலையை மூடிவிட்டார்கள். “நான்தான் சம்பாதிக்கேனே, நீ சும்மா இரும்மா” என்றேன். சும்மா இருப்பது எப்படி என்று அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வீட்டைக் கூட்டினாள். கூட்டிய வீட்டை மறுபடி கூட்டினாள். ஒருநாள் என் புத்தக அலமாரியைக் கழுவப் போனாள்... அப்போதுதான் கோழி வாங்கலாம் என்று மூன்று பேரும் முடிவு செய்தோம்.

முட்டை விற்பதல்ல அம்மாவின் திட்டம். அடைவைத்துக் குஞ்சு பொரித்து, நாட்டுக்கோழிக் குஞ்சுகளாக விற்பது. அதற்குச் சேவல் வேண்டும். “சேவல் இல்லாத முட்டையில ஆம்லெட்டுதான் பொரியும்” என்றாள். ஆகவே, சேவல் எங்கள் முற்றத்துக்கு அலங்காரமல்ல. கம்பெனியின் பாதி.

அந்தப் பாதியில்தான் பிரச்சினை வந்தது.

முதலில் எல்லாமே அமைதியாகத்தான் இருந்தன. கொஞ்சம் அதிக அமைதி. ஆறும் கூட்டின் மூலையில் ஒட்டி நின்றன. தீனி வைத்தால் பார்த்தன, தின்னவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதல்நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பானே, அதே மாதிரி. நான் கால்நடை டாக்டருக்கு போன் போட்டேன். பொறுமையாகப் பேசும் அம்மையார். ‘இடம் மாறினால் கோழிக்கும் அதிர்ச்சிதான் தம்பி’ என்றார். கொஞ்ச நாள் வெளியே விட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கோழிகளோடு சேர்க்கவே வேண்டாம், தண்ணீரில் துளி கருப்பட்டி கரைத்து வையுங்கள், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள், இறக்கைக்கு அடியில் பேன் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் குளிக்கச் சாம்பல் கொட்டி வையுங்கள்.

பேன் இருந்தது. சாம்பல்தான் இல்லை. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. டீக்கடை விறகடுப்பிலிருந்து ஒரு வாளி சாம்பல் வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கருப்பட்டித் தண்ணீர் வேலை செய்தது. கோழிகள் தின்னத் தொடங்கின. சாம்பலில் புரண்டன. சேவலும் கூவினான். நல்ல செவலை நிறம், கழுத்தில் பொன் இழைத்த மாதிரி இறகு. ஆனால் நடை? ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனவர் மாதிரிக் காலை அகட்டி அகட்டி வைத்தான். குனிந்து பார்த்தேன். காலுக்குப் பின்னால் இருக்கும் முள் என் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, உள்பக்கமாக வளைந்திருந்தது. ஒரு கால் முள் அடுத்த காலில் குத்துகிறது. அதற்குப் பயந்துதான் அந்த நடை.

அவன் காலில் குத்திக்கொண்டால் அது அவன் பாடு. ஆனால் பெட்டையின் முதுகில் ஏறும்போது அந்த முள் எங்கே இறங்கும்? புள்ளிக்கோழியின் இறக்கையைத் தூக்கிப் பார்த்த அம்மா “அய்யோ” என்றாள். விலாவில் நீளமாக ஒரு கிழிசல். மருந்து போட்டுத் தனியாக வைத்தோம். மற்ற நான்கும் சேவலைக் கண்டாலே கூட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டன. பயந்த கோழி முட்டை இடுமா? இட்டுக்கொண்டிருந்த முட்டையும் நின்றது.

சனிக்கிழமை அப்பா வந்தார். வாரத்துக்கு ஒருமுறை அவர் வருவது மீனுக்கும் கோழிக்கும் என்று அம்மா சொல்வாள். சேவலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

“இந்த முள்ளக் கண்டியா? பெட்டையெல்லாம் கிழிஞ்சு நாறிப்போவும். சவத்த அறுத்து ஒரு கறி வச்சிரு.”

“அறுத்துட்டு? முட்டைக்கு நீங்க பொறுப்பு எடுப்பியளா?”

அனிதா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி சரி. அடுத்த சனி வரைக்கும் பாப்பேன். பெட்டைக்கு இன்னும் ஒரு கீறல் விழுந்தா, சட்டிதான்.”

அதோடு அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ படிச்சவன்தானே மக்கா, அந்த முள்ளுக்கு என்னவாது செய்யி.” எங்கள் வீட்டில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்பே கிடையாது. பைப் ஒழுகினாலும் அதுதான், டிவி ரிமோட் ஓடாவிட்டாலும் அதுதான். நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். சேவலுக்கு எந்தச் செமஸ்டரிலும் பாடமில்லை.

யூடியூபைத் திறந்தேன். ஒரு வெள்ளைக்காரர் உருளைக்கிழங்கைச் சுடச்சுட வேகவைத்து, அதைச் சேவலின் முள்ளில் செருகிக் கொஞ்ச நேரம் பிடித்து, பிறகு திருகினார். முள்ளின் மேல்தோடு தொப்பி மாதிரிக் கழன்று வந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

“உருளக்கெழங்கு இல்ல. மரச்சீனிக் கெழங்கு கெடக்கு. பத்துமா?”

மரவள்ளியும் பத்தும் என்றுதான் எனக்கும் பட்டது. கிழங்கு வெந்தது. அம்மா சேவலைப் பிடித்தாள். ஆவி பறக்கும் துண்டைத் துணியில் எடுத்துக்கொண்டு நான் நெருங்கும்போது... துணியைத் தாண்டிக் கை சுட்டது. எனக்கே இவ்வளவு சுடுகிறதே, அவன் காலுக்கு? மறுபடி டாக்டருக்கு போன்.

“மொதல்ல கையில இருக்கத கீழ வைங்க தம்பி” என்றார் அவர். “கால் வெந்துபோகும். தோடு கழண்டா உள்ள பச்சையா நிக்கும், ரெத்தம் வரும். எதுக்கு அந்த வேல? நுனிய வெட்டினா போதும்.”

கிழங்கை என்ன செய்வது? முந்தின நாள் சாளை மீன் குழம்பு இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறிய துண்டு ஒன்று சேவலுக்கும் போயிற்று.

டாக்டர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முள்ளுக்குள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. காலை ஒட்டிய பாகம் உயிருள்ளது. நுனி நம் நகம் போல, வெட்டினால் வலிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் உயிர் எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆகவே ஒரே வெட்டில் வீரம் காட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நுனியில் மூன்றில் ஒரு பங்கு தாண்டாமல். ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்த வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

வெட்டுவதற்கு நாய்க்கு நகம் வெட்டும் கிளிப்பர் நல்லது என்றார். நாகர்கோவிலில் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனேன்.

“எந்த ஜாதி நாய் சார்?”

“நாட்டுச் சேவல்” என்றேன்.

கடைக்காரர் கிளிப்பரை எடுத்து வைத்துவிட்டு நேராக விலையைச் சொன்னார்.

பொழுது மங்கும்போது கோழி அடங்கும் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். அம்மா அவனை அப்பாவின் பழைய சாரத்தில், அதாவது லுங்கியில், குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி, தலையையும் மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். இருட்டு வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, அசையவில்லை. வெந்நீரில் நனைத்த துணியை முள்ளில் சுற்றி ஊறவிட்டேன். அனிதா செல்போன் டார்ச்சைப் பிடித்தாள்.

டக். முதல் துண்டு. ஒன்றும் ஆகவில்லை. டக். இன்னொரு துண்டு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் கை நீளும் அல்லவா? அடுத்த காலில் கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டேன். சிவப்பாக ஒரு பொட்டு.

“கொன்னுட்டியாலே?”

“இல்லம்மா. ஒரு சொட்டுதான்.”

“ஒரு சொட்டுன்னாலும் அது அவனுக்க ரெத்தம்லா!”

சோளமாவை வைத்து அழுத்தினேன். நின்றது. எனக்குத்தான் வியர்வை நிற்கவில்லை. வெட்டிய விளிம்பு கூராக இருந்தது, அப்படியே விட்டால் அதுவே பெட்டையைக் கீறும். கைக்கு எட்டியதை எடுத்துத் தேய்த்தேன்.

“அண்ணே! அது எனக்க நெயில் ஃபைலு!”

“ஏட்டி, அவனுக்கும் நகம்தானே.”

“இனி அத நீயே வச்சுக்கோ. காலேஜ்ல ஒனக்குத் தேவப்படும்.”

காலையில் கூட்டைத் திறந்தோம். அவன் வெளியே வந்து, பழக்கத்தில் காலை அகட்டி வைத்து, எதுவும் குத்தாததில் குழம்பி நின்றான். இன்னொரு அடி. இன்னொன்று. பிறகு முற்றத்தைக் குறுக்காக ஒரு ஓட்டம். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். குணம் மாறிவிட்டதா என்றால் இல்லை, இன்றைக்கும் என் காலைக் கொத்தத்தான் வருகிறான். ஆனால் பெட்டைகளுக்குக் கீறல் விழவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா வந்து பார்த்தார். “நடை கொள்ளாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார். எங்கள் வீட்டில் மரண தண்டனை ரத்தாவது இப்படித்தான்.

முட்டைகள் திரும்ப வந்தன. காயம் ஆறிய புள்ளிக்கோழி ஒருநாள் கூட்டை விட்டு இறங்காமல் கொர் கொர் என்று படுத்துவிட்டது. அடைக்கு வந்துவிட்டது! அம்மா கடவம் என்ற ஓலைக்கூடையில் மணல் பரப்பி முட்டைகளை அடுக்கினாள். ஆலை மூடிய பிறகு அவள் முகத்தில் அந்த வெளிச்சத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அந்த வாரம்தான் முருகேசன் அண்ணன் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பைக்கில் காலிக் கூடையைக் கட்டியிருந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார். அவர்கள் குடும்பத்து மாடன் கோயிலில் கொடை, வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் திருவிழா. டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

“யக்கா, தப்பா நெனைக்கப்பிடாது. அந்தச் செவலச் சேவல்... அது நேர்ந்துவிட்ட உருப்படி.”

விசா தள்ளிப்போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் அந்தச் சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு, விசா வந்தால் இது உனக்கு என்று மாடனிடம் நேர்ந்திருக்கிறார். விசா வந்துவிட்டது. அவரும் போய்விட்டார். நேர்ந்துவிட்ட சேவலில் இரும்பு படக் கூடாது என்பதால் முள்ளை யாரும் தொடவில்லை. அதுதான் அப்படி வளர்ந்திருக்கிறது.

“வசந்தாக்குத் தெரியாதா?” என்று அம்மா கேட்டாள்.

“தெரியும்க்கா! அது அவளயும் பிள்ளையளயும் தொரத்தித் தொரத்திக் கொத்துகுதுன்னு, நான் இல்லாத நேரம் பாத்து வித்துட்டா. கேட்டா, மாடனுக்குச் சேவலுக்கா பஞ்சம், வேற ஒண்ணு வாங்கிக் குடுன்னு சொல்லுகா.”

எங்கள் வீடு அய்யாவழி. எங்கள் வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் உயிர்ப்பலி என்ற பேச்சே கிடையாது. வீட்டில் கோழிக்கறி தின்போம், சாமிக்குக் கோழி நேர்வது மட்டும் வழக்கமில்லை. ஆகவே, வாங்கும்போது ‘இது நேர்ச்சைச் சேவலா?’ என்று கேட்க வேண்டும் என்றே அம்மாவுக்குத் தோன்றவில்லை. வேறு வீட்டுக்காரர்களாக இருந்தால் அந்த முள்ளைப் பார்த்ததுமே கேட்டிருப்பார்கள். நாங்கள் அதை வெறும் முள் என்று நினைத்தோம்.

அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். “காசு குடுத்து வாங்கினதும்மா. குடுக்காண்டாம்.”

அம்மா கொஞ்ச நேரம் கடவத்தில் படுத்திருந்த புள்ளிக்கோழியைப் பார்த்தாள்.

“நமக்கு வழக்கம் இல்லன்னு மாடனுக்குத் தெரியுமாலே? அந்த மனுசன் பாலைவனத்துல வண்டி ஓட்டுகான். நாளைக்கு வழியில ஒண்ணு ஆச்சுன்னா அவன் பெஞ்சாதி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“அப்பம் குஞ்சு?”

“இந்த ஒரு அடை கெடக்குல்லா. அதுக்குப் பொறவு பாப்போம்.”

அவளே போய்ப் பிடித்தாள். எங்கள் யாரிடமும் கொடுக்கவில்லை. கருப்பட்டித் தண்ணீரைக் காட்டினாள், இரண்டு மடக்குக் குடித்தான். பிறகு கொண்டுவந்து முருகேசன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அவர் வழக்கப்படி நிறம் பார்த்தார், கொண்டை பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“யக்கா... முள்ளு எங்க?”

“நான்தான் வெட்டினேன் அண்ணே” என்றேன்.

“எதுல?”

“நாய்க்கு நகம் வெட்டுவாங்கல்லா, அந்த...”

“நாய்க்கா!”

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சேவல் அவர் மடியில் சவுகரியமாக இருந்தது. கோயிலில் சாமியாடுபவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் கொடைப் பந்தல் போடும் சத்தம்.

“இரும்பு பட்டுதா?”

“பட்டிருக்கு.”

“முள்ளு முழுசா போச்சா, பாதியா?”

“நுனிதான். ஆனா ரெண்டு கால்லயும்.”

“அப்பம் அது ஆவாதுடே. அங்கம் கொறஞ்ச உருப்படிய மாடன் ஏக்க மாட்டான். இதே நெறத்துல, முள்ளு முழுசா உள்ள ஒண்ணு பாரு.”

“இத என்ன செய்யட்டும்?”

“என்னமும் செய்யி. எனக்கு இங்க வேல கெடக்கு.”

போன் வைக்கப்பட்டது. அம்மா கையை நீட்டினாள். முருகேசன் அண்ணன் சேவலைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை இறக்கிவிடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“வேற சேவலுக்குப் பாதி நான் தாறேன்.”

“வேண்டாம்க்கா. வித்தது எங்க ஆளு.”

“முள்ள வெட்டினது எங்க ஆளு. ஒனக்க நேர்ச்சையில எனக்க வீட்டுக் கொற நிக்கப்பிடாது.”

அன்றைக்கே நானும் அவரும் வடசேரிச் சந்தைக்குப் போனோம். ஒவ்வொரு சேவலாகத் தூக்கிக் காலைப் பார்த்தோம். நீளமான முள்ளைத் தேடி நான் அலைவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. செவலை, முழு முள். கொடைக் காலம் என்று கடைக்காரருக்கும் தெரியும், விலையில் அது தெரிந்தது. அந்தச் சேவல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒன்று பிழைத்தது. சந்தையிலிருந்து ஒன்று போயிற்று. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நான் மார்தட்டிக்கொள்ள முடியாது. அம்மாவின் கம்பெனி பிழைத்தது, முருகேசன் அண்ணனின் வாக்கும் பிழைத்தது. அவ்வளவுதான் உண்மை. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். தோவாளை வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

கொடை நல்லபடியாக முடிந்து அண்ணன் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தார் என்று வசந்தா அக்காவுக்குக் கோபம். புள்ளிக்கோழி ஒன்பது குஞ்சு பொரித்திருக்கிறது. விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள். “கண்ணு தொறக்கட்டும்” என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். கோழிக்குஞ்சு கண்ணைத் திறந்துகொண்டுதான் பிறக்கும் என்று அனிதா சொன்னதற்குத் திட்டு வாங்கினாள்.

போன சனிக்கிழமை அப்பா முற்றத்தில் உட்கார்ந்து சேவலுக்குச் சோற்றை உருட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார் — “மக்கா, இந்தச் சவத்துக்கு இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆச்சு?”

சேவல் விலை, கிளிப்பர், சந்தைச் சேவலில் எங்கள் பாதி, அனிதாவுக்குப் புது நெயில் ஃபைல் — இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.